முதுகில் கருவியோடு ஒரு பறவையைக் கண்டால்

 

பண்ணைக் கடலிலும் மண்டைதீவுப் பக்கமும் வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் காலம் இது. இந்தக் காலத்தில் பிள்ளைகள் எங்களிடம் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், சில பறவையளின்ர முதுகில பெட்டி பூட்டியிருக்காம். உளவு பார்க்கவாம். உண்மையோ?"

சின்னக் கேள்விதான். ஆனால் பதில் தெரியாத ஒருவரின் கையில் அப்படியொரு பறவை சிக்கினால் அதன் உயிர் போகலாம். ஆகவே பிள்ளைகளுக்குச் சொன்னதைப் பெரியவர்களுக்கும் எழுதுகிறோம்.

பெட்டி பூட்டுவது உண்மை. உளவு என்பது பொய்.

2021 ஆம் ஆண்டு மன்னாரில், கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவும் அவரது குழுவினரும் சில கடற்காகங்களைப் பிடித்து ஜீபிஎஸ் கருவி பூட்டி விட்டார்கள். ஹியூக்ளின் கடற்காகம் என்பது அவற்றில் ஒரு இனம். கருஞ்சாம்பல் முதுகும் மஞ்சள் காலும் கொண்ட பெரிய பறவை. மீன் இறங்கும் இடங்களில் நாங்கள் பார்த்தும் பாராமல் போகிற அதே கடற்காகம்தான். அது இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் பக்கம் போய், குளிர்காலத்துக்கு மன்னாருக்கே திரும்பி வந்தது.

எவ்வளவு தூரம்? அட்லஸை எடுத்துப் பிள்ளைகளோடு கணக்குப் போட்டுப் பாருங்கள். மன்னார் வட அகலாங்கு 9 பாகை. ஆர்க்டிக் வட்டம் 66½ பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். நேர்கோட்டில் பிடித்தாலே 6,300 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பதினைந்து தடவை போகிற தூரம். பறவை நேர்கோட்டில் போவதில்லை, உண்மையான பயணம் இன்னும் நீளம்.

கருவி எப்படி வேலை செய்கிறது? செய்மதிகளின் சமிக்ஞையை வைத்துத் தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்ளும். மேலேயுள்ள சின்னச் சூரியத் தகடு பற்றரியைச் சார்ஜ் ஏற்றும். சில கருவிகள் கைத்தொலைபேசி வலையமைப்பு ஊடாகத் தகவல் அனுப்பும். கவரேஜ் இல்லாத இடத்தில் தகவலைச் சேர்த்து வைத்து, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். எங்கட போனுக்குச் சிக்னல் வந்ததும் மெசேஜ்கள் கொட்டுமே, அதுபோல. கருவியின் பாரம் பறவையின் நிறையில் 3 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. 900 கிராம் பறவைக்கு 27 கிராம்.

இதற்கு முன் காலில் வளையம் போடும் முறைதான் இருந்தது. பருத்தித்துறைக்கு நேரெதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள கோடிக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையம் போட்டது. பறவையியலில் உலகப் புகழ்பெற்ற சாலிம் அலி அந்த வேலைக்கு வழிகாட்டினார். ஆனால் வளையம் போட்ட பறவை வேறெங்காவது பிடிபட்டாலோ செத்துக் கிடந்தாலோதான் செய்தி வரும். இடையில் எங்கே தங்கியது, எதைத் தின்றது என்று வளையம் சொல்லாது.

உளவுப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. மும்பையில் காலில் வளையத்தோடு பிடிபட்ட ஒரு புறா, உளவுப் புறா என்ற சந்தேகத்தில் எட்டு மாதம் அடைபட்டுக் கிடந்து 2024 ஜனவரியில்தான் விடுதலையானது. விசாரித்தால் அது தாய்வானின் பந்தயப் புறா! போர்க்காலத்தில் ஒரு பற்றரி வைத்திருப்பதே பிரச்சினையாக இருந்த மண் இது. தெரியாத கருவியைக் கண்டு எங்கட சனம் பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

இதில் எங்கள் மனதைத் தொட்ட விடயம் இன்னொன்று. அந்தக் கடற்காகத்தின் ஊர் எது? ரஷ்யாவா, மன்னாரா? குஞ்சு பொரிப்பது அங்கே. வருடத்தில் பல மாதம் உயிர் வாழ்வது இங்கே. இரண்டில் ஒன்று அழிந்தாலும் பறவை இல்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று சில மணி நேர அவகாசத்தில் இந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் நாங்கள். புத்தளத்தில் எங்களை அகதி என்றார்கள். திரும்பி வந்தால் இங்கே சிலர் புத்தளத்து ஆக்கள் என்கிறார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே என்று இன்றும் அலைகிற குடும்பங்கள் உண்டு. ஓர் உயிருக்கு இரண்டு இடம் சொந்தமாக இருக்கலாம் என்பதை எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

யானைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஊருக்குள் வந்த 12 ஆண் யானைகளைப் பிடித்து, கழுத்தில் ஜீபிஎஸ் பட்டி கட்டித் தேசியப் பூங்காக்களில் விட்டார்கள். கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் 2012 இல் வெளியிட்ட முடிவின்படி, சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பின, சில அலைந்து திரிந்தன, சில விட்ட இடத்துக்குப் பக்கத்தில் தங்கின. மனிதருக்கும் யானைக்குமான மோதலோ குறையவில்லை, இன்னும் பரவியது. லொறியில் ஏற்றி விட்டால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையை அந்தப் பட்டிகள்தான் உடைத்தன.

இனி, நாங்கள் செய்யக்கூடியவை:

▪️ கருவியோ வளையமோ உள்ள பறவை உயிரோடு வலையில் சிக்கினால், வலையை அறுத்தாவது விட்டுவிடுங்கள். கருவியைக் கழற்ற வேண்டாம்.

▪️ முடிந்தால் படம் எடுங்கள். வளையத்தில் உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

▪️ காயப்பட்டோ செத்தோ கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். இடமும் திகதியும் முக்கியம்.

▪️ கடலாமையின் துடுப்பில் தகடு இருந்தாலும் இதேதான்.

▪️ கடல்நீரேரிக் கரையில் குப்பையும் அறுந்த வலையும் போடாதீர்கள். 6,000 கிலோமீற்றர் தப்பி வந்த பறவை எங்கட வாசலில் நைலோன் நூல் சுற்றிச் சாகக்கூடாது.

நாவாந்துறை, குருநகர், தீவகப் பக்கம் கடலுக்குப் போகும் சகோதரர்களுக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு வாயால் சொல்லிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை வலையில் ஒன்று சிக்கினால் அது பறந்து போகட்டும்.