துக்க வீட்டில் கோலமா?

என் மகள் காலேஜில் டூர் போய்விட்டு வந்து போட்டோ காட்டினாள். அமிர்தசரஸ் ஜாலியன் வாலாபாக். சுவர்ச் சிற்பங்களுக்கு முன்னால் தோழிகளோடு சிரித்தபடி நிற்கிறாள். "இந்தச் சந்து வழியாத்தானேடி டயர் வந்தான்?" என்றேன். "அப்படியாம்மா? அழகா இருந்துதேன்னு நின்னோம்" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 2021 ஆகஸ்டில் புதுப்பித்துத் திறந்தபோது அப்படி ஆக்கிவிட்டார்கள். முன்பு அது வெறும் செங்கல் சுவர். அதற்குள் நடந்தாலே நெஞ்சை அடைக்கும். இன்று சுவர் நெடுகச் சிற்பங்கள். ஜனங்கள் உயிருக்குப் பயந்து குதித்த கிணற்றைச் சுற்றிக் கண்ணாடி. போதாததற்கு ஒலி-ஒளிக் காட்சி வேறு! சரித்திரம் படித்தவர்கள் பலரும் அப்போதே ஆட்சேபித்தார்கள்.

1919 ஏப்ரல் 13 அன்று அங்கே 1,650 ரவுண்டு சுட்டார்கள். அரசாங்கக் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். ரத்தன் தேவி என்ற பெண், புருஷனின் உடலை நாய் இழுக்காமல் மூங்கில் கழியோடு ராத்திரி முழுக்கக் காத்தாள். ஊரடங்கு, தூக்க ஆள் வரவில்லை.

பராமரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிதண்ணீர், கழிப்பறை, நிழல் எல்லாம் செய்யட்டும். சுவர் இடியாமல் பார்க்கட்டும். ஆனால், துக்க வீட்டு வாசலில் நாம் கோலம் போடுவோமா, சகோதரிகளே? அந்தச் சந்தை மொட்டைச் சுவராகவே விட்டிருக்கலாம். பார்க்கிற பிள்ளைகளுக்கு அதுவே பாடம் சொல்லியிருக்கும்.