நிலமும் பொழுதும்

பிழை செய்யாதார் உலகில் இலர். தம் பிழையைத் தாமே எடுத்துரைப்பார் சிலரே. யாம் செய்த பிழை ஒன்றை இம்மலரின் வாயிலாக அன்பர்க்கு உரைத்தல் எமது கடனெனக் கருதுகின்றோம்.

சென்ற ஆண்டு எமது கல்லூரியில் விலங்கியல் மாணவர் ஒரு கண்காட்சி நடத்தினர். படங்களுக்குத் தமிழில் விளக்கச் சீட்டு எழுதும் பணி எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று, சிஸ்டெல்லாஸ்பிஸ் டெபிலிஸ் என்னும் செந்நிற இறாலின் படம். நண்பர் தந்த குறிப்பை முழுதும் படியாமல், "இது கடலில் 700 மீட்டர் ஆழத்தில் வாழ்வது" என்று அழகிய எழுத்தில் வரைந்து ஒட்டினோம்.

முதிய மீனவர் ஒருவர் பேரனுடன் வந்தார். பேரன் அச்சீட்டைப் படித்துக் காட்டக் கேட்டவர், "பகலிலா தம்பி, இரவிலா?" என்று எம்மை வினவினார். "எப்பொழுதும் அங்கேதான், ஐயா" என்று சிறிதும் தயங்காது விடையிறுத்தோம். அவர் சற்றே நின்று எம்மை நோக்கினார்; பின்னர் ஒன்றும் கூறாது சென்றார்.

அன்றிரவுதான் அக்குறிப்பை முழுதும் படித்தோம். ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, கனேரித் தீவுகளை அடுத்த அட்லாண்டிக் கடலில், 1965-ஆம் ஆண்டு 'டிஸ்கவரி' என்னும் பிரித்தானிய ஆராய்ச்சிக் கப்பல் பகலும் இரவும் வெவ்வேறு ஆழங்களில் வலை இழுத்தது. அகப்பட்ட இறால்களை ஆராய்ந்த பீட்டர் பாக்ஸ்டன் தம் முடிவுகளை 1970-இல் வெளியிட்டார். எமது படத்திலுள்ள இறால் பகலில் ஏறத்தாழ 600 மீட்டருக்குக் கீழே மிகுதியாக வாழ்வது. இரவிலோ 300 மீட்டருக்கும் குறைந்த ஆழத்திற்கு வந்து விடுவது. விரல் அளவினதாகிய அச்சிற்றுயிர் நாள்தோறும் அந்தியில் ஏறி, விடியுமுன் இறங்குகின்றது!

ஏறுவது உணவின் பொருட்டு. இறங்குவது உயிரின் பொருட்டு. கதிரொளி படும் மேல்நீரிலேயே நுண்பாசிகள் விளைகின்றன. அவற்றை உண்ணும் சிற்றுயிர்களும் அங்கேயே மிகுதி. ஆயின் பகலில் அங்கு நிற்பின், கண்ணாற் கண்டு வேட்டையாடும் மீன்களுக்கு இரையாதல் திண்ணம். ஆழத்திலோ மங்கிய நீல ஒளியே எஞ்சும். அவ்வொளியில் செந்நிறம் கருநிறமாகத் தோன்றுமாதலின், இறாலின் செம்மையே அதற்குப் போர்வையாகின்றது. ஒளியின் ஏற்றத்தாழ்வே அதற்கு நாழிகை வட்டில். 1000 மீட்டருக்குக் கீழே, பகலொளி எட்டாத இருளில் வாழும் இறால்களுட் பல இங்ஙனம் ஏறி இறங்குவதில்லை.

இவ்வழக்கம் இறாலுக்கு மட்டும் உரியதன்று. 1942-இல் கலிபோர்னியாவை அடுத்த கடலில் ஒலியைச் செலுத்தி ஆராய்ந்தோர், கடலடிக்கு மிக உயரத்தே, ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில், எதிரொலி எழுப்பும் படலம் ஒன்றைக் கண்டு வியந்தனர். அது இரவில் மேலெழுவதை 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்பார் கண்டு, அஃது உயிர்த்திரளே எனத் தெளிவித்தார்.

இவற்றைப் படித்தபொழுது எமக்கு நாணமே மிகுந்தது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகிய இரண்டுமே என்று தொல்காப்பியர் கூறியதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர் யாம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் வேளை, என்பதும் எமக்கு மனப்பாடம். அவ்விறால் மேல்நோக்கிப் புறப்படுவதும் அவ்வேளையை ஒட்டியே. இருந்தும் கடலுயிர் ஒன்றுக்கு நிலத்தை மட்டும் கூறிப் பொழுதை மறந்தோம். அம்முதியவரோ முதலிற் கேட்டதே பொழுதைத்தான். செய்யுளுக்கென்று கற்றதைச் செய்யுளோடு விட்டுவிட்டோம். அதுவே எமது பிழையின் வேர்.

மறுநாட் காலை, பகலின் ஆழத்தையும் இரவின் ஆழத்தையும் தனித்தனியே குறித்துப் புதுச் சீட்டு ஒட்டினோம். கண்காட்சி முடியுமளவும் வாயிலையே நோக்கியிருந்தோம். அவர் மீண்டும் வரவில்லை. கல்லூரியிற் படிப்பவர் கூறியதே மெய்யென்று அப்பேரன் நம்பியிருப்பானோ என்னும் கவலை இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை. இம்மலர் என்றேனும் அவன் கைக்கு எட்டுமாயின், தன் பாட்டனாரின் வினாவே சரியானது, எமது விடையே தவறானது என்று அவன் அறிவானாக.