‘மோர் பெட்டர்’ எங்கிருந்து வந்தது?

தாப்பா, பேராக்

அன்புள்ள பேத்திக்கு,

நீ ‘மோர் பெட்டர்’ என்று எழுதியதை அலுவலகத்தில் ஒருவர் எல்லார் முன்பும் திருத்தினாராம். படித்ததும் மனம் வலித்தது. திருத்தம் சரிதான். இன்றைய ஆங்கில எழுத்தில் அப்படி வராது. அதற்காக நீ தலைகுனிய வேண்டியதில்லை, அம்மா.

தமிழில் இரண்டை ஒப்பிடும்போது பண்பைச் சொல்லும் சொல் மாறுவதே இல்லை. ‘ஈப்போ பெரியது’ என்றாலும் ‘ஈப்போ தாப்பாவைவிடப் பெரியது’ என்றாலும் அதே ‘பெரியது’தான். ஒப்பிடும் வேலை முழுவதையும் ‘தாப்பாவைவிட’ செய்துவிடுகிறது. தொல்காப்பியத்திலேயே ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபுக்கு அந்த வேலை உண்டு. திராவிட மொழிகளில் பெயரடைக்கு ஒப்பீட்டு வடிவம் கிடையாது என்பதைக் கால்டுவெல்லும் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துச் சொன்னார்.

மலாயிலும் சொல் மாறாது. முன்னால் ‘லெபிஹ்’ போட்டால் போதும்: லெபிஹ் பெசார், லெபிஹ் பாயிக். தமிழ்ப்பள்ளியில் இரண்டு மொழியையும் பழகிய பிள்ளைக்கு ஆங்கில ‘மோர்’ அந்த ‘லெபிஹ்’ மாதிரியே தெரியும். எல்லாச் சொல்லுக்கும் முன்னால் அதை வைக்கத் தோன்றுவது இயல்பு. நம் ஊர்ப் பிள்ளைகள் ‘மோர் பிக்கர்’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆங்கிலத்திலோ வழி இரண்டு. வால் ஒட்டுவதுதான் பழைய வழி: பிக், பிக்கர். ‘மோர்’ சேர்ப்பது பின்னால் வளர்ந்தது. பிரெஞ்சும் லத்தீனும் கொண்டுவந்த நீண்ட சொற்களுக்கு அதுவே வசதியாயிற்று. இரண்டும் பல நூற்றாண்டுகள் கலந்தே புழங்கின. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் பிராஸ்பரோ தன் மகளிடம் பேசும்போது, நீ எழுதிய அதே ‘மோர் பெட்டர்’ வருகிறது! அந்த நாடகம் 1623இல் அச்சேறியது. அன்று அது பிழையாகத் தெரியவில்லை. அழுத்தம் கொடுக்கும் வழக்கமாக இருந்தது. இரட்டை ஒப்பீடு தவறு என்று விதித்தவர்கள் பின்னால் வந்த இலக்கணக்காரர்கள். 1762இல் ராபர்ட் லௌத் எழுதிய சிறு இலக்கண நூல் அத்தகைய நூல்களில் பெயர்பெற்றது.

விதி வந்த பிறகும் சில இரட்டைகள் தப்பித்தன. ‘லெஸ்’ ஏற்கெனவே ஒப்பீட்டுச் சொல். அதன்மேல் இன்னொரு வால் ஒட்டித்தான் ‘லெஸ்ஸர்’ ஆயிற்று. ‘நியர்’ என்பதும் ஆதியில் ஒப்பீட்டு வடிவமே. அதற்கும் மேலே ‘நியரர்’ என்கிறார்கள். அவற்றை யாரும் திருத்துவதில்லை.

இனி எழுதும்போது இதை மட்டும் பார்த்துக்கொள். ஓரசைச் சொல்லுக்குப் பெரும்பாலும் வால். மூன்றசைக்கும் அதற்கு மேலும் ‘மோர்’. ஈரசையில் இரண்டும் உண்டு: ‘ஹேப்பி’ வாலை ஏற்கும், ‘கேர்ஃபுல்’லுக்கு ‘மோர்’ வேண்டும். ‘பெட்டர்’, ‘வொர்ஸ்’ இரண்டும் ஏற்கெனவே ஒப்பிட்டு முடித்தவை. அவற்றோடு ‘மோர்’ வேண்டாம். லத்தீனிலிருந்து வந்த ‘சீனியர்’, ‘ஜூனியர்’ சொற்களுக்குப் பின்னால் ‘தேன்’ வராது, ‘டு’தான் வரும். பதவி உயர்வு விண்ணப்பத்தில் ‘சீனியர் தேன்’ என்று ஒரு வரி இருக்கிறது என்றாயே, அதைத் திருத்திவிட்டு அனுப்பு.

அன்புடன்,
தாத்தா