தலையெழுத்தா, தாளெழுத்தா?

பள்ளிப்பட்டுக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டி ஒரு சிற்றூர். அங்கே ஓர் ஈராசிரியர் பள்ளி. வகுப்புகள் ஐந்து, ஆசிரியர் இருவர். அவருள் ஒருவர் மகப்பேற்று விடுப்பில் சென்றார். அவ்விடத்திற்கு நாம் 'மாற்றுப்பணி' என்ற பெயரில் அனுப்பப்பட்டோம், வாரத்தில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் நமது சொந்தப் பள்ளியில் நமது வகுப்பு அனாதை! ஒரு கிணற்றை வற்றவைத்து மறு கிணற்றை நனைப்பதற்குப் பெயர் நீர்ப்பாசனமாம்!

முதல் நாள் மாலை ஒரு சிறுமி கேட்டாள்: "நாளைக்கும் வருவீங்களா?" வீட்டிலே தெலுங்கு, பள்ளியிலே தமிழ் என்று இரு கரைக்கும் நடுவே நீந்தும் குழந்தை. உயிர்மெய் வரிசையில் பாதி வந்திருந்தாள். விடை கூற நாவெழவில்லை.

அவள் தந்தையோ, "என்ன சார் பண்றது? எங்க புள்ளைங்க தலையெழுத்து" என்றார். தேநீர்க் கடையிலிருந்த பெரியவர் ஒருவர், "பொம்பளைங்களை வேலைக்கு வெச்சா இப்படித்தான்" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார்.

தோழர்களே, இவ்விரு பேச்சுமே நம் பகை. தொடக்கப் பள்ளிகளில் பெண்களை மிகுதியாக ஆசிரியராக்க வேண்டும் என்றது 1929ஆம் ஆண்டுச் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு. பெண்கள் வந்தார்கள். 2021 ஜூலை முதல் தமிழக அரசின் மகளிர் ஊழியர்க்குப் பேறுகால விடுப்பு பன்னிரண்டு திங்கள் ஆயிற்று. நன்று, வாழ்த்தினோம். ஆனால், தாய்க்கு விடுப்பளித்த கை, சேய்களுக்கு ஆசிரியரை அளித்ததா? ஜப்பான் நாடு, மகப்பேற்றுக்குச் செல்லும் ஆசிரியைக்கு ஈடாக மாற்றாசிரியரை அமர்த்த 1955ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. குற்றம் தொட்டிலிலே இல்லை, திட்டத்திலே இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009 என்ன சொல்கிறது? ஒரு பள்ளியின் ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கலாகாது என்கிறது. விடுப்பில் இருப்பவர் இடமோ கணக்கிலே காலியன்று! நாற்காலி வெறுமை, ஏடு நிறைவு. அந்த இடைவெளியில்தான் விழுகிறது அச்சிறுமியின் நெடுங்கணக்கு.

தகுதி வேண்டாமா? வேண்டும். தகுதித் தேர்வை நாமும் எழுதித் தேறியே வந்தோம். பணியிலிருப்போரிலும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் அத்தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியரிடம் இத்துணைக் கண்டிப்பு. ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பற்றிக் கண்டிப்பு எங்கே? 2013இல் தேறியவர்களிலேயே இன்னும் வேலைக்குக் காத்திருப்போர் உளர். 2018 ஆணையோ இன்னொரு போட்டித் தேர்வையும் அவர்கள் முன் நிறுத்திற்று. 2022 ஜூலையில் 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப முற்பட்டபோது, இடைநிலை ஆசிரியர்க்கு விதித்த திங்களூதியம் 7,500 ரூபாய். பின்னரே 12,000 ஆயிற்று. தகுதிக்கு உயர்ந்த அளவுகோல், ஊதியத்துக்குக் குட்டை அளவுகோல்!

கோயிற் குருக்களுக்குத் தீட்டு நேர்ந்தால் அடுத்த வேளைப் பூசைக்குள் மாற்றுக் குருக்கள் வந்துவிடுகிறார். கல்லுக்கு ஒரு வேளையும் தவறலாகாது. கண்மணிகளுக்கு ஓராண்டு தவறலாமா?

ஒன்றியந்தோறும் தகுதி பெற்ற மாற்றாசிரியர் அணி ஒன்று நிலையாக வேண்டும். விடுப்பு ஆணை எழுதும் அன்றே மாற்று ஆணையும் எழுதப்பட வேண்டும். முழுத் தகுதிக்கு முழு ஊதியம் வேண்டும். இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது சென்று கேளுங்கள்: "யார் விடுப்பில்? அவர்க்கு மாற்று யார்?"

அந்தத் தந்தையிடம் நாம் கூறியது இவ்வளவே: "உங்கள் பிள்ளையின் தலையில் எழுதியவன் எவனும் இல்லை. தாளில் எழுத வேண்டியவர் இன்னும் எழுதவில்லை."