பாட்டியின் நீலக்கல்

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அம்மா தன் நீலக்கல் மோதிரத்தைக் கழற்றித் தந்தார். நீள்வட்டக் கல். மகளுக்கோ துளி வடிவம்தான் வேண்டும். “நல்ல காரியத்துக்குக் கண்ணீர்த்துளியா?” என்றார் அம்மா. அம்பாங் வீட்டில் மூன்று நாள் இதே பேச்சு.

பிரிக்பீல்ட்ஸ் பத்தரிடம் போனோம். “கடினத்தில் வைரம் 10, நீலம் 9. ஆனாலும் துளியின் கூர்முனை இடிபட்டால் உடையும். மறுபடி பட்டை தீட்டினால் எடையும் குறையும். 1981இல் டயானா அணிந்த இலங்கை நீலமும் நீள்வட்டம்தான், இப்போது மருமகள் கேட் கையில் இருக்கிறது” என்றார்.

மகள் மோதிரத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கையில் கிடந்தது. தங்கம் நூலாகத் தேய்ந்திருந்தது, கல்லில் கீறலில்லை.

“கல்லைத் தொடாதீங்க. வளையத்தை மட்டும் புதுசா செய்யுங்க” என்றாள்.

பழைய தங்கத்தையும் அதிலேயே உருக்கிச் சேர்க்கச் சொன்னோம்.