மேற்கே மலை, கிழக்கே வெயில்

வியாழன் இரவு, வாசுதேவநல்லூர்

ராஜபாளையம் தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வரத் தொடங்கியது. சிவகிரி வரும்போது அதன் தலை மேகத்துக்குள். ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. நாளை ஓர் எலுமிச்சை வியாபாரிக்கு அட்டைப்பெட்டியில் அச்சிடப் படங்கள். சனிக்கிழமை ஒரு கல்யாண ஜோடி. ஞாயிறு முழுக்க எனக்கு.

இங்கே படப்பிடிப்புக்கு நேரம் குறிப்பது மலைதான். மேற்கே அது நிற்பதால் சாயங்கால வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். காலை வெயிலோ கிழக்கிலிருந்து வந்து நேரே மலைமுகத்தில் விழும். அதனால் வேலை காலையில், சாப்பாடு மத்தியானம், பொழுது சாய ஊர் சுற்றல். இதைவிட நல்ல ஏற்பாடு நானாக யோசித்தாலும் வராது.

வெள்ளி

எலுமிச்சை வியாபாரி அண்ணாச்சியின் தோப்பு மலையடிவாரத்தில். பறித்த காய் புளியங்குடிச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கேரளாவுக்கும் ஏறுகிறது. எலுமிச்சையைப் படமெடுப்பது லேசான காரியமில்லை. தோலில் எண்ணெய்ப் பசை இருப்பதால் வெயில் நேராகப் பட்டால் ஒவ்வொரு காயிலும் வெள்ளைப் பொட்டு விழும். மரத்தடியில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைத் தணித்தோம். என் உதவியாளன் தண்ணீர் தெளிக்கப் புட்டியை எடுத்ததும் அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம் தம்பி. ஈரம் பட்ட காய் மூட்டைக்குள்ள அழுகிப் போவும். படத்தப் பாக்குற யாவாரிக்கு அதான் மொதல்ல தோணும்."

பழம் என்றால் நீர்த்துளி வேண்டும் என்பது விளம்பரப் படங்களின் பழக்கம். சரக்கைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர் சொல்லுக்கு முன்னால் அந்தப் பழக்கம் நிற்காது. உலர்ந்த துணியால் துடைத்து, காம்பும் ஓர் இலையும் இருக்கும்படி வைத்து எடுத்தோம். பச்சை தேய்ந்து மஞ்சள் ஏறும் இடத்தில் தோலின் நுண்துளைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அந்தப் படம்தான் பெட்டிக்கு.

மத்தியானம் அவர் வீட்டில் உளுந்தஞ்சோறு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ சேர்த்துக் குழைய வடித்தது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், அதன் குழியில் நல்லெண்ணெய். "இன்னொரு கரண்டி வைக்கட்டும், கூச்சப்படாதீக" என்று அக்கா நின்றுகொண்டே இருந்தார். நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் நெற்கட்டும்செவல். 1755-லேயே கும்பினிப் படைக்குக் கப்பம் கட்ட மறுத்த புலித்தேவரின் ஊர். 1761-ல் கும்பினித் தளபதி யூசுப் கானின் படை அவரிடமிருந்து பிடித்த கோட்டைகளில் வாசுதேவநல்லூர்க் கோட்டையும் ஒன்று. வயல்களுக்கு நடுவே நின்று அந்த மறுப்பை நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. பள்ளிப் பாடத்தில் இன்னும் பெரிய இடம் இவருக்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். திரும்பி வந்து சிந்தாமணிநாதர் கோயில். அர்த்தநாரீசுவரராக நிற்கும் மூலவர், வலப்பாதி சிவன், இடப்பாதி அம்மன். தீபாராதனை வெளிச்சத்தில் இரண்டு பாதியும் ஒரே முகமாகத் தெரிந்தது.

சனி, சுந்தரபாண்டியபுரம்

விடியுமுன் சூரியகாந்தி வயலில். இளஞ்செடிதான் சூரியனோடு திரும்பும். பூத்து முற்றிய பிறகு தலை கிழக்கு பார்த்தே நின்றுவிடும். அப்படி நிற்கும் பூ காலையில் சீக்கிரம் சூடேறுவதால் தேனீக்கள் அதிகம் வருகின்றன. படமெடுப்பவனுக்கும் அது வரம். பூவின் முகத்துக்கு எதிரே நின்றால் காமிரா மேற்கே பார்க்கும். பூக்களில் வெயில், அவற்றுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை முழுதாக. சாயங்காலம் வந்தால் பூக்கள் மலை நிழலில் மங்கிக் கிடக்கும்.

இங்கே எடுத்த 'ரோஜா' படம் 1992-ல் வெளிவந்ததிலிருந்து இந்த ஊருக்குக் காமிரா புதிதில்லை. கேரளாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பூ பார்க்க வருகிறார்கள். சிலர் செடியை மிதித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வயல்காரருக்கு இது எண்ணெய் வித்து, ஒரு பருவத்து வருமானம். அவர் கேட்ட காசைக் கொடுத்து, ஜோடியை வரப்பிலேயே நிறுத்தி எடுத்தேன். தேனீக்குப் பயந்து பெண் மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் ஒளிந்த படத்தை, கூட வந்த அத்தை உடனே தன் போனுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் தென்காசி. காசி விசுவநாதர் கோயிலைக் கட்டியவர் 15-ஆம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன். சிதைந்து கிடந்த ராஜகோபுரம் மறுபடி எழுந்து 1990-ல் குடமுழுக்குக் கண்டது. வாசலில் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், அப்படி ஒரு காற்று.

ஞாயிறு, குற்றாலம்

பேரருவி நேரே தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. அதனால்தான் கீழே நின்று குளிக்க முடிகிறது. தண்ணீர் ஏறினால் போலீஸ் விசில். எல்லாரும் விலக வேண்டும். இன்று விசில் ஊதவில்லை, தோள் சிவக்கக் குளித்தேன். பிறகு ஈரத்தலையோடு சித்திர சபை. ஐந்து சபைகளில் இங்கே மட்டும்தான் நடராசர் சுவரோவியமாக வழிபாடு பெறுகிறார். காமிராவைத் திறக்கவே தோன்றவில்லை.

மங்குஸ்தான் வாங்கினேன். ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டா. உள்ளங்கை அளவுதான், பிய்த்துப்போட்டு, சால்னா ஊற்றி, மிளகுக் கோழியோடு. இலையில் சால்னா ஊறிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை கூப்பிட்டார். ஆவணியில் கல்யாணம், இலஞ்சி முருகன் கோயிலில், விடிகாலை முகூர்த்தம். முந்தின நாளே வந்துவிடுவதாகச் சொன்னேன்.