வெளியே ஃப்ரிட்ஜ், உள்ளே அடுப்பு!

நம்ம ஊரில் கரண்ட் போனால் விசிறியோடு மொட்டை மாடிக்குப் போவோம். அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்துக் கிராமத்தில், பனிப்புயலில் கரண்ட் போனால்? முழுசாக நான்கு நாள் இருட்டு!

வெளிச்சம் போனதுகூடப் பரவாயில்லை. தண்ணீரும் நின்றுவிட்டது. இங்கே வீட்டுக்கு வீடு போர்வெல். மோட்டார் ஓடினால்தான் குழாயில் சொட்டும். பனியை அள்ளி உருக்கினேன். பத்துப் பாத்திரம் பனிக்கு ஒரு பாத்திரம் தண்ணீர்! அது பாத்ரூமுக்கே சரி. ஹீட்டர் எண்ணெயில் எரிவதுதான். ஆனால் அதைக் கிளப்பவும் கரண்ட் வேணுமாம். கைகொடுத்தது விறகு அடுப்பு.

"என்னங்க, ஃப்ரிட்ஜ்ல பால் இருக்கே?" என்றாள் மனைவி.

"ஊரே ஃப்ரிட்ஜாத்தானே இருக்கு, தூக்கி வெளியே வை!"

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்க்கப் போனோம். எண்பது வயசு, தனிக்கட்டை. குளிர் தாங்காமல், தோட்டத்தில் கிடந்த கரி அடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். பகீரென்றது. மூடிய வீட்டில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 1998 ஜனவரியில் மெய்னிலும் கனடாவின் கியூபெக்கிலும் ஐஸ் மழையில் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர் ஊராக இருண்டபோது, இந்த வாயு பலி வாங்கியிருக்கிறது. ஜெனரேட்டரைக்கூட வீட்டிலிருந்து 20 அடி தள்ளித்தான் வைக்கணும்.

பாட்டியைக் கையோடு கூட்டி வந்துவிட்டோம். நான்காம் நாள் கரண்ட் வந்தும் அவருக்குக் கிளம்ப மனசில்லை. விறகு அடுப்பில் வைத்த மிளகு ரசம் அப்படி!